‘லைட்டா ஒரு காக்டெயில்’... உண்மையிலேயே லைட்தானா? இத்தாலியின் ‘டின்னருக்கு முந்தைய’ கசப்பு கிளாஸும் அதன் கணக்கும்!

போன மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் டின்னர். பிரியாணி தம்மில் இருந்தது. அதற்குள் நண்பர் ஒரு டிரேயில் சிவப்பு நிறத்தில் ஆறு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். மேலே ஐஸ், ஓரத்தில் ஆரஞ்சு துண்டு. “ஒண்ணும் இல்ல, சாப்பாட்டுக்கு முன்னாடி லைட்டா ஒரு காக்டெயில். இத்தாலியில எல்லாம் இப்படித்தான்” என்றார். பெயர், நெக்ரோனி.

பார்க்க ரோஸ்மில்க்கின் பெரியண்ணன் மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பின்னாலேயே சுளீர்னு கசப்பு. சிலருக்கு ஒரு வாயோடு போதும் என்றாகிவிட்டது. சிலர் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, இரண்டு கிளாஸ் குடித்த ஒருவர் பைக் சாவியை எடுத்தார். “ஏம்ப்பா, குடிச்சிருக்கியே” என்றதும் அவர் சொன்ன பதில்: “நான் எங்க சரக்கு அடிச்சேன்? காக்டெயில்தானே!”

அங்கேயே போனை எடுத்து கால்குலேட்டரில் ஒரு கணக்கு போட்டோம். வந்த விடையைப் பார்த்ததும் அவர் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு கேப் புக் செய்தார்.

அந்தக் கணக்கு என்ன? இத்தாலிக்காரர்கள் டின்னருக்கு முன் கசப்பாக ஒன்றைக் குடிப்பது ஏன்? இந்த ஜின் காக்டெயிலை நிஜமாகவே ‘லைட்’ ஆக எப்படிச் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அபெரிடிவோ... அப்படின்னா?

‘திறப்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ‘அபெரிரே’யில் இருந்து வந்த வார்த்தை இது. எதைத் திறக்கணும்? பசியை. டின்னருக்கு முன்பு, மாலை ஆறு, ஏழு மணி வாக்கில், கொஞ்சம் கசப்பாக, அதிக வீரியம் இல்லாமல் ஒரு பானம். கூடவே ஆலிவ், சிப்ஸ், வறுத்த பருப்பு வகைகள். ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நண்பர்களோடு ஒரு மணி நேரம் பேசுவதற்கான சாக்கு என்றும் சொல்லலாம். வட இத்தாலி நகரங்களான மிலன், டூரின் இரண்டும் இந்தப் பழக்கத்துக்கு ரொம்பவே பிரபலம்.

இங்கே முக்கியமான பாயின்ட், அபெரிடிவோ என்பது ‘ஆரம்பம்’. அதாவது அடுத்து சாப்பாடு வரப்போகிறது. அதனால் நாக்கு மரத்துப்போகும் அளவுக்கு இனிப்போ, தலை சுத்தும் அளவுக்கு ஆல்கஹாலோ இருக்கக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. நம்ம ஊர் பார்ட்டிகளில் இந்த அடிப்படைதான் முதலில் காணாமல் போகிறது.

மூணு பாட்டில், மூணு கதை

நெக்ரோனியில் மொத்தமே மூன்று சரக்குகள்தான். மூன்றுமே மூலிகை சம்பந்தப்பட்டவை.

முதலாவது, காம்பாரி. சிவப்பு நிறமும் கசப்பும் இதன் உபயம். காஸ்பரே காம்பாரி என்பவர் 1860-ல் இத்தாலியின் நொவாரா நகரில் தொடங்கியது. பிறகு மிலன் நகருக்கு வந்து, புகழ்பெற்ற ‘கேலரியா விட்டோரியோ இமானுவேலே’ வணிக வளாகத்தில் கஃபே திறந்தார். அவர் மகன் டாவிடே 1915-ல் அதே கேலரியாவில் தொடங்கிய ‘காம்பாரினோ’ பார் இன்றும் அங்கே இருக்கிறது. காம்பாரியில் என்னென்ன மூலிகைகள் போடுகிறார்கள் என்பது கம்பெனி ரகசியம். ஒரு சுவாரஸ்யமான தகவல்: அந்தப் பளீர் சிவப்பு நீண்ட காலம் ‘கொச்சினீல்’ என்ற பூச்சியில் இருந்து எடுக்கப்பட்ட சாயத்தால் வந்தது. 2006 வாக்கில்தான் பல நாடுகளில் அதைக் கைவிட்டு செயற்கை நிறத்துக்கு மாறினார்கள். சைவம் பார்ப்பவர்கள் லேபிளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இரண்டாவது, ஸ்வீட் வெர்மூத். இது ஒயின் வகையைச் சேர்ந்தது. ஒயினில் மூலிகைகளை ஊறவைத்து, இனிப்பு சேர்த்து, கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து தயாராவது. 1786-ல் டூரின் நகரில் அன்டோனியோ பெனடெட்டோ கார்ப்பானோ என்பவர் விற்கத் தொடங்கிய வெர்மூத்தைத்தான் இன்றைய ஸ்வீட் வெர்மூத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். மாசிபத்திரி குடும்பத்தைச் சேர்ந்த ‘வர்ம்வுட்’ என்ற கசப்புச் செடிக்கு ஜெர்மன் மொழியில் ‘வெர்முட்’ என்று பெயர். வெர்மூத் என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான்.

மூன்றாவது, நம்ம ஹீரோ ஜின். நிறமற்ற ஸ்பிரிட்டில் ஜூனிபர் காய்களின் வாசனையை ஏற்றினால் ஜின். ஊசியிலை மர வகையைச் சேர்ந்த செடி இந்த ஜூனிபர். கொத்தமல்லி விதை, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், சில வேர்கள் என்று கூடவே பல வாசனைகள் சேரும். நெதர்லாந்தின் ‘ஜெனீவர்’ பானம்தான் இதன் முன்னோடி. பெயரும் அங்கிருந்தே சுருங்கி வந்தது.

சோடா இருந்த இடத்தில் ஜின் வந்தது எப்படி?

இந்தக் கதையில்தான் மேட்டரே இருக்கு.

ஜின் வருவதற்கு முன்பே, மிலனின் காம்பாரியையும் டூரினின் வெர்மூத்தையும் சம அளவில் கலந்து குடித்துவந்தார்கள். இரண்டு ஊர் பெயரையும் சேர்த்து ‘மிலானோ-டொரினோ’ என்று அழைத்தார்கள். அதில் சோடா ஊற்றி நீளமாக்கியதும் ‘அமெரிக்கானோ’ ஆனது. காபி இல்லை, இது காக்டெயில்! கசப்பு, இனிப்பு, குமிழி, மிதமான ஆல்கஹால். அபெரிடிவோவுக்குக் கச்சிதமான பானம்.

1919 வாக்கில் ஃப்ளோரன்ஸ் நகரில் ‘கஃபே காசோனி’ என்ற இடத்தில், கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு தன் வழக்கமான அமெரிக்கானோவைக் கொஞ்சம் ‘ஸ்ட்ராங்’ ஆகக் கேட்டாராம். பார்டெண்டர் ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி சோடாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜின் ஊற்றினார். எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சு துண்டு போட்டார். பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான். இதில் சில விவரங்களை மறுப்பவர்களும் உண்டு.

கவனிச்சீங்களா? நெக்ரோனி பிறந்ததே ‘லைட் வேண்டாம், ஸ்ட்ராங்கா குடு’ என்ற கோரிக்கையில்தான். அதைப் போய் நாம் ‘லைட்டா ஒரு காக்டெயில்’ என்று பரிமாறிக்கொண்டிருக்கிறோம்.

2022-ல் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ சீரிஸ் நடிகர் எம்மா டார்சி ஒரு பேட்டியில் தன் ஃபேவரிட் டிரிங்க் என்று சொல்ல, இன்ஸ்டாகிராம் முழுக்க ஓடியதே ‘நெக்ரோனி ஸ்பாலியாட்டோ’, அதுவும் இந்தக் குடும்பம்தான். மிலனில் உள்ள ‘பார் பாஸோ’வில் 1970-களில் ஜின்னுக்குப் பதில் ஸ்பார்க்ளிங் ஒயின் ஊற்றப்பட்டதால் பிறந்தது. ‘ஸ்பாலியாட்டோ’ என்றால் ‘தப்பாப் போச்சு’ என்று அர்த்தம். அந்தத் தப்பால் டிரிங்க் லைட் ஆனது!

இப்போ கணக்குக்கு வருவோம்

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் ரெசிப்பிப்படி நெக்ரோனி என்பது ஜின் 30 மி.லி., காம்பாரி 30 மி.லி., ஸ்வீட் வெர்மூத் 30 மி.லி. அவ்வளவுதான். சோடா, ஜூஸ் எதுவும் கிடையாது.

இந்தியாவில் ஜின் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8% ஆல்கஹால். காம்பாரியின் வீரியம் நாட்டுக்கு நாடு மாறும், 25% என்று வைத்துக்கொள்வோம். வெர்மூத் 16%. ஒவ்வொன்றிலும் இருக்கும் சுத்த ஆல்கஹாலைக் கூட்டினால் சுமார் 25 மி.லி. வரும். ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை 0.79 கிராம். ஆக, ஒரு கிளாஸ் நெக்ரோனியில் இருப்பது ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால்.

20 கிராம்னா எவ்வளவு? 60 மி.லி. விஸ்கியில் இருப்பதும் அதே 20 கிராம்தான். அதாவது, ஒரு நெக்ரோனி = ஒரு லார்ஜ். நண்பர் குடித்த இரண்டு கிளாஸ் = இரண்டு லார்ஜ். ஆரஞ்சு துண்டும் சிவப்பு கலரும் இந்தக் கணக்கில் எதையும் குறைக்காது.

இப்போது பழைய அமெரிக்கானோவை எடுத்துக்கொள்வோம். காம்பாரி 30, வெர்மூத் 30, மேலே சோடா. ஆல்கஹால் 10 கிராமை ஒட்டி வரும். அதாவது ஒரு ஸ்மால். பிரபு கேட்ட அந்த ஒரே ஒரு மாற்றம், கிளாஸில் இருந்த ஆல்கஹாலை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டது.

அப்போ ஜின் வாசனையும் வேணும், லைட்டாவும் இருக்கணும் என்றால்? விடை சிம்பிள். நெக்ரோனியைப் பாதியாக்கி, பிரபு வெளியே அனுப்பிய சோடாவைத் திரும்ப உள்ளே கூப்பிடுவது. மூன்றிலும் 15 மி.லி. மட்டும், மேலே 100 மி.லி. சோடா. மொத்த ஆல்கஹால் 10 கிராம். ஐஸ் கொஞ்சம் கரைந்ததும் கிளாஸில் இருக்கும் பானத்தின் வீரியம் சுமார் 8%. நெக்ரோனியை ஐஸோடு கலக்கிய பிறகும் அது 20 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும்.

செய்வது எப்படி?

ஒரு கிளாஸுக்குத் தேவையானவை:

• ஜின் – 15 மி.லி.
• காம்பாரி – 15 மி.லி.
• ஸ்வீட் வெர்மூத் – 15 மி.லி.
• நன்றாகக் குளிர்ந்த சோடா – 100 மி.லி.
• ஐஸ் – கிளாஸ் நிறைய
• ஆரஞ்சு – ஒரு துண்டு, கொஞ்சம் தோல்

அளக்க பார் மெஷர் இல்லையா? கேக் செய்ய வைத்திருக்கும் டேபிள்ஸ்பூன் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் என்பது 15 மி.லி. ஆக, மூன்றிலும் ஒவ்வொரு ஸ்பூன். பாட்டில் மூடியால் அளப்பது, ‘கண் அளவு’ எல்லாம் வேண்டாம். கண் அளவு நேரம் ஆக ஆகப் பெரிசாகிக்கொண்டே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

1. உயரமான கிளாஸ் எடுத்து, விளிம்பு வரை ஐஸ் போடுங்கள்.

2. முதலில் வெர்மூத், அடுத்து காம்பாரி, கடைசியாக ஜின். நீளமான ஸ்பூனால் பத்து விநாடி மெதுவாகக் கலக்குங்கள். மூன்றும் குளிர வேண்டும், அதுதான் நோக்கம். ஷேக்கரில் போட்டுக் குலுக்கத் தேவையில்லை. ஜூஸோ முட்டையோ இல்லாத டிரிங்க்கைக் குலுக்கினால் கலங்கிப்போகும், தண்ணீரும் அதிகம் சேரும்.

3. கிளாஸைச் சாய்த்து, ஓரமாக சோடாவை ஊற்றுங்கள். மேலிருந்து கொட்டினால் குமிழி எல்லாம் அங்கேயே போய்விடும்.

4. ஸ்பூனை அடிவரை விட்டு, ஒரே ஒரு முறை தூக்கிவிடுங்கள். போதும்.

5. ஆரஞ்சுத் தோலில் ஒரு சின்ன பட்டை சீவி, வெளிப்பக்கம் கிளாஸைப் பார்த்து இருக்கும்படி பிடித்து மடித்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் பானத்தின் மேல் தெறிக்கும். கிளாஸைத் தூக்கியதும் முதலில் மூக்கில் ஏறும் வாசனை அதுதான். பிறகு ஆரஞ்சு துண்டை உள்ளே போட்டுப் பரிமாறலாம்.

நான்கு பேர் வருகிறார்கள் என்றால் இன்னும் ஈஸி. மூன்றிலும் 60 மி.லி. எடுத்து, ஒரு சுத்தமான பாட்டிலில் கலந்து காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆட்கள் வந்ததும் கிளாஸுக்கு 45 மி.லி. ஊற்றி, சோடா சேர்த்தால் முடிந்தது. கிச்சனுக்கும் ஹாலுக்கும் ஓட வேண்டாம். எல்லோருக்கும் ஒரே அளவு போய்ச் சேரும் என்பது போனஸ்.

சொதப்பல் நடக்கும் இடங்கள்

திறந்த வெர்மூத்தை ஷெல்ஃபில் வைப்பது: ரொம்பக் காமனான தப்பு. ஜின், காம்பாரி இரண்டையும் திறந்து வெளியே வைக்கலாம். வெர்மூத் ஒயின் வகை. திறந்ததும் காற்றுபட்டு மெல்லக் கெட ஆரம்பிக்கும். மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. ‘நெக்ரோனி எனக்குப் பிடிக்கல’ என்று சொல்பவர்களில் பலருக்குக் கிடைத்தது ஆறு மாதம் வெயிலில் நின்ற வெர்மூத்தாக இருக்கலாம்.

ஐஸைக் கஞ்சத்தனமாகப் போடுவது: ‘ஐஸ் கம்மியா இருந்தா தண்ணி கம்மியா சேரும்’ என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. இரண்டு மூன்று துண்டுகள் மட்டும் இருந்தால் அவை சீக்கிரம் கரைந்துவிடும். கிளாஸ் நிறைய ஐஸ் இருந்தால் ஒன்றை ஒன்று குளிராக வைத்துக்கொண்டு மெதுவாகக் கரையும். குறிப்பாக நம்ம ஊர் வெக்கையில் இது ரொம்ப முக்கியம்.

டிரை வெர்மூத் வாங்கிவிடுவது: வெளிர் நிறத்தில் இருக்கும் டிரை வெர்மூத்தில் இனிப்பு மிகக் குறைவு. அதைப் போட்டால் காம்பாரியின் கசப்பைத் தாங்க ஆள் இருக்காது. லேபிளில் ‘ரோஸ்ஸோ’ அல்லது ‘ஸ்வீட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சோடாவுக்குப் பதில் டானிக்: இரண்டும் ஒன்றில்லை. டானிக் வாட்டரில் சர்க்கரையும் இருக்கும், குயினைனின் கசப்பும் இருக்கும். கசப்புக்கு மேல் கசப்பு, இனிப்புக்கு மேல் இனிப்பு ஆகிவிடும்.

குளிராத சோடா: வெளியே நின்ற சோடாவை ஊற்றினால் ஐஸும் கரையும், குமிழியும் போகும்.

கசப்பைப் போய் யாராவது விரும்புவாங்களா?

இயற்கையில் பல விஷப் பொருட்கள் கசக்கும். அதனால் கசப்பு என்றால் உஷாராகு என்பதுதான் உடம்பின் முதல் ரியாக்‌ஷன். கசப்பை மட்டும் கண்டுபிடிக்கவே மனிதர்களிடம் சுமார் இருபத்தைந்து வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஆனாலும் பழகப் பழக அதை விரும்பக் கற்றுக்கொள்கிறோம். சுண்டைக்காய் வத்தக்குழம்பையும் வேப்பம்பூ ரசத்தையும் ரசித்துச் சாப்பிடும் நமக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. பிளாக் காபியும் அந்தக் கதைதான்.

கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும். அதனால்தான் ‘பசியைத் திறக்கும்’ என்ற பெயர். ஆனால் இதில் இன்னொரு பார்ட்னரும் இருக்கிறார். சாப்பாட்டுக்கு முன் ஆல்கஹால் எடுத்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசி கூடுவது முழுக்க மூலிகையின் மகிமை என்று நினைத்துவிட வேண்டாம். டயட்டில் இருப்பவர்கள் நோட் பண்ணிக்கோங்க!

கசப்பால் ஒரு நடைமுறை லாபமும் இருக்கு. மடக் மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு வாய், கொஞ்சம் பேச்சு, அடுத்த வாய் என்றுதான் போகும். 145 மி.லி. பானத்தை அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள முடிவதற்குக் காரணமே இந்தக் கசப்புதான்.

பக்கத்தில் தட்டு ஏன் கட்டாயம்?

இத்தாலிய பார்களில் அபெரிடிவோ கேட்டால் கூடவே ஏதாவது கொறிக்க வரும். அதில் உபசரிப்பைத் தாண்டி இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, உப்பு. உப்பு நாக்கில் பட்டால் கசப்பு குறைந்து தெரியும். ஆலிவும் உப்பு சிப்ஸும் காம்பாரிக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பது அதனால்தான். வீட்டில் வறுத்த வேர்க்கடலை, காராபூந்தி, மசாலா முந்திரி இருந்தாலே போதும்.

இரண்டாவது, வயிறு. ஆல்கஹால் பெரும்பாலும் ரத்தத்தில் சேருவது சிறுகுடலில். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அங்கே போய்ச் சேரவே நேரமாகும். வெறும் வயிறு என்றால் நேராகப் போய் வேகமாக ஏறும். டின்னருக்கு முந்தைய டிரிங்க் என்றாலே அது கிட்டத்தட்ட வெறும் வயிற்று டிரிங்க்தான். போதாக்குறைக்கு, சோடாவின் குமிழிகள் சிலருக்கு இந்த வேகத்தை இன்னும் கூட்டலாம். அதனால் முதல் வாய்க்கு முன்னாடியே தட்டு மேஜைக்கு வந்துவிட வேண்டும். டின்னரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது.

‘ஒரே ஒரு கிளாஸ்தானே, வண்டி ஓட்டலாமா?’

இதுதான் அன்று அந்த ஹாலில் எழுந்த கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இத்தாலியில் பொதுவான வரம்பு 50 மில்லிகிராம். ‘அங்க எல்லாம் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஓட்டுறாங்களே’ என்று ஒப்பிடுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும். அங்கேயும் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வரம்பு பூஜ்யம்.

இப்போ 60 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடித்தது முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்தால் என்ற தோராயக் கணக்கில், 20 கிராம் ஆல்கஹால் ஆணுக்குச் சுமார் 50 மில்லிகிராம், பெண்ணுக்குச் சுமார் 60 மில்லிகிராம் வரை கொண்டுபோகும். அதாவது, ஒரே ஒரு முழு நெக்ரோனியே வரம்பைத் தாண்டிவிடும். உடம்பில் தண்ணீரின் பங்கு பெண்களுக்குக் குறைவு என்பதால் அதே அளவுக்கு அவர்களுக்கு அளவு கூடுதலாகக் காட்டும்.

சரி, மேலே சொன்ன பாதி அளவு? ஆணுக்குச் சுமார் 25, பெண்ணுக்குச் சுமார் 30. வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறது. எடை குறைவானவர், காலையில் இருந்து சரியாகச் சாப்பிடாதவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு ஸ்மால் அளவைத்தான் கையாளும். காபி, மோர், பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுவது எதுவும் அதை வேகப்படுத்தாது.

ஆக, பாதி அளவு என்பது வண்டி ஓட்ட லைசென்ஸ் இல்லை. குடித்தால் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூப்பிடுபவர் கிளாஸை நீட்டுவதற்கு முன் “எப்படிப்பா போறே?” என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீரும். டின்னர் முடிந்து, எல்லோரும் செருப்பு போடும் நேரத்தில் அதைக் கேட்டால் சண்டைதான் வரும். அனுபவம்!

குடிக்காதவங்களுக்கு என்ன?

குடிக்காத நண்பருக்கு ஒரு ஓரமாகக் கோலா கொடுத்து உட்காரவைப்பது நம்ம பழக்கம். இத்தாலியில் அப்படி இல்லை. ‘கிரோடினோ’, ‘சான்பிட்டர்’ என்று ஆல்கஹால் துளியும் இல்லாத கசப்பு பானங்கள் அங்கே பல பத்தாண்டுகளாகவே அபெரிடிவோ நேரத்தில் சகஜம். அதே சின்ன கிளாஸ், அதே ஐஸ், அதே ஆரஞ்சு.

வீட்டில் செய்ய ஈஸி வழி: கிளாஸ் நிறைய ஐஸ், 100 மி.லி. டானிக் வாட்டர், 30 மி.லி. ஆரஞ்சு ஜூஸ், சில துளி எலுமிச்சைச் சாறு, மேலே அதே ஆரஞ்சுத் தோல் டெக்னிக். சிவப்பு வேண்டும் என்றால் கொஞ்சம் மாதுளை ஜூஸ். கசப்பு, இனிப்பு, குமிழி மூன்றும் வந்துவிடும்.

இந்த கிளாஸுக்கு ஒரு தமிழ்நாட்டுக் கனெக்‌ஷனும் இருக்கு. டானிக்கின் கசப்புக்குக் காரணமான குயினைன், சின்கோனா மரப்பட்டையில் இருந்து எடுப்பது. மலேரியாவுக்கு மருந்தாக அதைத் தயாரிக்க, 1860-களில் நீலகிரியில் சின்கோனா மரங்களை ஆங்கிலேயர்கள் பயிரிட்டார்கள். நடுவட்டத்தில் அரசு குயினைன் தொழிற்சாலையும் இயங்கியது. ஊட்டி டிரிப்பில் கூடலூர் ரோட்டில் போகும்போது நடுவட்டம் போர்டைப் பார்த்தால் இது ஞாபகம் வரட்டும்.

யார் தொடவே கூடாது?

‘அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது’ என்ற பழைய வசனத்தை இனி நம்ப வேண்டாம். ‘உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை’ என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட முதல் பிரிவுப் பொருட்களில் ஆல்கஹாலும் ஒன்று. பாதி அளவு என்பது ஆபத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் செய்யாது.

கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், குடியை விட்டு மீண்டு வருபவர்கள் பக்கமே போகக் கூடாது. தூக்க மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மருந்துகள், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்பது சட்டப்படி தடை. முக்கியமாக, இதுவரை குடிக்காதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை.

ஃபைனலா...

அடுத்த முறை யாராவது ‘லைட்டா ஒரு காக்டெயில்’ என்று கிளாஸை நீட்டினால், கலரைப் பார்க்காதீங்க. “இதுல எத்தனை மி.லி. சரக்கு இருக்கு, சோடா இருக்கா?” என்று இரண்டே கேள்வி கேளுங்க. மூன்றும் முப்பது முப்பதாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரு லார்ஜ். பதினைந்து பதினைந்தாக, மேலே நிறைய சோடாவோடு இருந்தால் ஒரு ஸ்மால்.

போன வாரம் அதே நண்பர் வீட்டில் மறுபடியும் டின்னர். இந்த முறை டேபிளில் ஒரு டேபிள்ஸ்பூனும், நான்கு பாட்டில் சோடாவும், ஒரு பெரிய தட்டு வேர்க்கடலையும் இருந்தன. பைக்கில் வந்தவருக்கு டானிக்கும் ஆரஞ்சும். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ், அத்தோடு பாட்டில் உள்ளே போய்விட்டது. பிரியாணிதான் கொஞ்சம் பத்தாமல் போனது.

*மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.*